வணிகத் தலைமைக்கு வர நினைக்கிறீர்களா? ஆர்வத்தையும் பிடிவாதத்தையும் செலவழிக்க வேண்டிய இடங்கள்

ஒரு துறையில் நன்றாக வேலை செய்கிறீர்கள். கணக்கு, தரக் கட்டுப்பாடு, மென்பொருள், விற்பனை என எதுவாகவும் இருக்கலாம். இனி ஒரு பிரிவையோ ஒரு நிறுவனத்தையோ நடத்தும் பொறுப்புக்குப் போக வேண்டும் என்று ஆசை. யாரைக் கேட்டாலும் "ஆர்வத்தோடு இரு, விடாமல் முயற்சி செய்" என்பார்கள். எந்தக் காகிதத்தை எப்போது கேட்டு வாங்குவது, எந்த மாதத்தில் யாரிடம் பேசுவது, கையிலிருந்து என்ன போகும் என்று சொல்லத்தான் ஆள் கிடைக்காது. நானும் ஒரு துறையின் மூலையில் இருந்து ஒரு பிரிவை நடத்தும் இடத்துக்குத் தட்டுத்தடுமாறி வந்தவன்தான். வழியில் வீணான காலம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே மேலே வர நினைப்பவர்களுக்கானது இது. சொந்தமாகத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

1. பதவி பிடித்திருக்கிறதா, அந்த வேலை பிடித்திருக்கிறதா?

ஒரு பிரிவை நடத்துபவரின் சாதாரண வாரம் இப்படித்தான் போகும்: ஆள் எடுப்பது, ஆளை அனுப்புவது, இரண்டு துறைகளின் சண்டையைத் தீர்ப்பது, நல்ல யோசனை என்று தெரிந்தும் பணமில்லை என்று மறுப்பது, பாதித் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது. இத்தனை நாள் உங்களுக்குப் பெயர் வாங்கித் தந்த வேலை அதில் ஏறக்குறைய இருக்காது. இது பலருக்குப் பதவிக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது.

முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி உண்டு. கடந்த ஆறு மாத காலண்டரையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் புரட்டுங்கள். யாரும் கேட்காமல் நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலைகளை மட்டும் எழுதுங்கள். எல்லாமே தொழில்நுட்ப நுணுக்கமாக இருந்தால் உங்கள் ஆர்வம் நிபுணத்துவத்தில் இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை; நிபுணர்களுக்கென்று தனி ஏணி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, அதில் ஏறுங்கள். விலை, வாடிக்கையாளர், தாமதம், ஆட்களை ஒன்றுசேர்ப்பது போன்றவை அடிக்கடி தலைகாட்டினால் மேலே படியுங்கள்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. விடுமுறையிலும் வேலையையே நினைத்துக்கொண்டிருப்பதைப் பலர் ஆர்வத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கனடா உளவியலாளர் ராபர்ட் வாலராண்டும் அவருடைய சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஆர்வத்தை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பக்கங்களோடு ஒத்துப்போவது. மற்றொன்று, ஆளையே பிடித்து ஆட்டுவது. இரண்டாவது வகையில் இருப்பவரால் வேலையை விட்டு விலகி நிற்க முடியாது. விலகினால் குற்ற உணர்வு வரும். பிறரை வழிநடத்த வேண்டிய இடத்தில் இந்த இரண்டாவது வகை உங்களோடு சேர்த்து உங்கள் டீமையும் களைப்பாக்கும்.

2. எதில் பிடிவாதம், எதில் விட்டுக்கொடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எனக்குத் தெரிந்து தேங்கிப்போனவர்களில் பெரும்பாலானோருக்கு முயற்சி குறையவில்லை. தவறான இடத்தில் முயற்சியைக் கொட்டினார்கள். ஒரே மேலாளரிடம், ஒரே பதவிக்கு, ஒரே வழியில் மறுபடி மறுபடி போனார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் குழுவின் 2007-ஆம் ஆண்டு ஆய்வு, முயற்சியை விடாதிருப்பதையும் ஆர்வம் மாறாதிருப்பதையும் சேர்த்து ஒரே பண்பாக அளந்தது. பிறகு 2017-இல் ஆய்வாளர் மார்கஸ் கிரெடேயும் சகாக்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செயல்திறனோடு கூடுதலாக ஒட்டிவந்தது முயற்சியை விடாத பகுதிதான். ஆர்வம் மாறாதிருக்கும் பகுதி அந்த அளவுக்கு ஒட்டவில்லை. அந்தத் தரவில் கணிசமான பகுதி படிப்பு சார்ந்தது என்பதால் அப்படியே அலுவலகத்துக்குத் தூக்கிவர முடியாது. ஆனாலும் உங்கள் விருப்பம் நடுவில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நகர்ந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆய்வாளர் பாரி ஸ்டா 1976-இல் வணிகப் படிப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். தாங்களே தேர்ந்தெடுத்த முதலீடு தோற்றுப்போனதாகச் சொல்லப்பட்டவர்கள், அந்தத் தோற்ற இடத்திலேயே மேலும் அதிகப் பணத்தைப் போட்டார்கள். நம்முடைய முடிவு என்றால் கைவிட மனம் வராது. வெளியிலிருந்து பார்க்கும்போது அதுவும் விடாமுயற்சி போலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே, அடுத்த ஐந்து ஆண்டுக்கு எந்த வகைப் பிரச்சினையோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்பது. நடுவில், இப்போதைக்கு எந்த வழி. கீழே, எந்தத் தேதிக்குள் எந்த எண் வராவிட்டால் அந்த வழியை விட்டுவிடுவீர்கள் என்பது. மேல்வரியை லேசில் மாற்றக் கூடாது. நடுவரி எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். இன்டெல் 1968-இல் நினைவகச் சில்லுகளுக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். 1985-இல் அதை நடத்திவந்த கோர்டன் மூரும் ஆண்டி குரோவும் அந்தத் தொழிலை விட்டு, கணினியின் மூளையான நுண்செயலிகளின் பக்கம் திரும்ப முடிவெடுத்தார்கள். பிறந்த தொழிலையே கைவிட்டவர்களைத்தான் இன்று விடாப்பிடியானவர்கள் என்று பேசுகிறோம்.

கீழ்வரியைத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சிக்கலில் மாட்டிய பிறகு எழுத உட்கார்ந்தால் தேதி தள்ளிக்கொண்டே போகும்.

3. பணிப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள்

செலவு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை கால் மணி நேரம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

ரெஸ்யூமில் "ஆர்வமும் உழைப்பும் மிக்கவர்" என்று எழுதாத ஆளே இல்லை. படிப்பவர் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். தலைமைப் பொறுப்புக்கு ஆள் தேடுபவர் பார்ப்பது நீங்கள் எடுத்த முடிவுகளையும் அவற்றின் விளைவையும். ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்திருக்கும், மீதிக்கு எண் இருக்காது.

ஒவ்வொரு பதிவிலும் இவை இருக்கட்டும்: நிலைமை என்ன, தேதி என்ன, நீங்கள் எடுத்த முடிவு, எடுத்திருக்கக்கூடிய வேறு முடிவு, அதை ஏன் விட்டீர்கள், முன்பு இருந்த எண், பின்பு வந்த எண், யார் யாருக்குப் பங்கு, கேட்டால் சாட்சி சொல்லக்கூடியவர் யார்.

மாதிரிக்கு ஒன்று: "புகாருக்குப் பதில் போகச் சராசரியாக 9 நாள் ஆனது. கூடுதல் ஆள் கேட்பதற்குப் பதிலாக, சிறு தொகைத் திரும்பளிப்பை முன்வரிசை ஊழியரே முடிவு செய்யலாம் என்று அனுமதி வாங்கினேன். மூன்றாவது மாதம் 3 நாள். திரும்பளிப்புச் செலவு சற்றுக் கூடியது." கடைசி வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். நல்லது மட்டுமே நடந்ததாக எழுதிய பதிவை அனுபவமுள்ள யாரும் நம்ப மாட்டார்கள். தோற்ற முடிவுகளையும் எழுதிவைத்தால் நேர்காணலில் கட்டாயம் வரும் "எதில் தோற்றீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

கவனம்: நிறுவனத்தின் ரகசியத் தரவு, வாடிக்கையாளர் பெயர், கோப்புகளின் நகல் இவற்றைச் சொந்தக் கணினிக்கோ சொந்த மின்னஞ்சலுக்கோ அனுப்பாதீர்கள். அது மட்டுமே வேலையை விட்டு நீக்கப் போதுமான காரணமாகிவிடும். விகிதமாகவும் சதவீதமாகவும் உங்கள் வார்த்தையில் எழுதினால் போதும்.

4. கணக்கு அறிக்கைகளைப் படிக்கப் பழகுங்கள்

கணக்குத் துறைக்காரர் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு விலக்கு கிடையாது. லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று சொல்லத் தெரிய வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் தொழிலில் இருக்கும் இரண்டு நிறுவனங்களை எடுத்து, ஐந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாகப் படியுங்கள். மாலை நேரங்களில் செய்தால் ஒரு காலாண்டில் முடியும்.

இரண்டு கணக்குகள் கைவந்துவிட்டால் மீட்டிங்கில் உங்கள் பேச்சே மாறிவிடும். முதலாவது தள்ளுபடி. 100-க்கு விற்கும் பொருளில் நேரடிச் செலவு 60 என்றால் மிஞ்சுவது 40. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மிச்சம் 30. பழைய மொத்த மிச்சம் வர, விற்கும் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 33 சதவீதம், கூட வேண்டும். "பத்து சதவீதம்தானே" என்று யாராவது சொல்லும்போது இந்த 33-ஐ அமைதியாக எடுத்துப் போடுங்கள்.

இரண்டாவது, லாபம் இருந்தும் பணம் இல்லாத நிலை. வாடிக்கையாளர் 90 நாளில் பணம் தருகிறார், சரக்குக் கொடுத்தவருக்கு நீங்கள் 30 நாளில் தர வேண்டும். நடுவில் 60 நாள் உங்கள் பணம் முடங்குகிறது. விற்பனை இரட்டித்தால் முடங்கும் பணமும் இரட்டிக்கும். வேகமாக வளரும் நிறுவனம் சம்பளம் கொடுக்கத் திணறுவது பல நேரம் இதனால்தான்.

5. எம்.பி.ஏ. தேவையா?

சுருக்கமாகச் சொல்கிறேன்: துறை மாறவோ ஊர் மாறவோ நினைத்தால் உதவும், இருக்கும் நிறுவனத்திலேயே மேலே போவதானால் அவசியமில்லை, கிடைத்தால் நல்லது. செலவைக் கணக்கிடும்போது கட்டணத்தோடு இழக்கும் சம்பளத்தையும் சேருங்கள். அமெரிக்கப் பாணி முழுநேரப் படிப்பு இரண்டு ஆண்டு. இன்சியாட் போன்ற வணிகப் பள்ளிகளில் 10 மாதம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும் என்பதால், நேரம் கிடைக்கும் ஆண்டில் தேர்வை எழுதி வைத்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம்.

வேலையை விடாமல் படிக்கவும் வழி உண்டு. சத்யா நாதெள்ளா மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் எம்.பி.ஏ. முடித்தார். மேரி பாராவை அவர் வேலை பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனமே உதவித்தொகை கொடுத்து ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பியது, 1990-இல் முடித்தார். உங்கள் நிறுவனமும் செலவை ஏற்க முன்வந்தால் ஒப்பந்தத்தில் ஒரு விதியைத் தேடுங்கள்: படித்து முடித்தபின் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், நடுவில் போனால் முழுத் தொகையா, இருந்த காலத்துக்குக் கழித்த தொகையா, நிறுவனமே உங்களை நீக்கினாலும் திருப்பிக் கட்ட வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல ஒப்பந்தங்களில் பதிலே இருக்காது. கையெழுத்துப் போடும் முன் எழுதி வாங்குங்கள்.

6. லாப நட்டத்துக்குப் பதில் சொல்லும் நாற்காலியைக் கேளுங்கள்

கணக்கு, மனிதவளம் போன்ற உதவித் துறைகளில் எவ்வளவு உயர்ந்தாலும், ஒரு நாள் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "நீங்கள் எதை நடத்தியிருக்கிறீர்கள்?" ஒரு பொருள், ஒரு கிளை, ஒரு சிறு வாடிக்கையாளர் பிரிவு என வரவும் செலவும் உங்கள் பெயரில் இருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. இந்திரா நூயி 1994-இல் பெப்சிகோவுக்கு வந்தது வியூகத் துறைக்கு. பிறகு நிதித் தலைவர், 2006-இல் சி.இ.ஓ. (தலைமை நிர்வாகி). அந்த வழியிலும் போகலாம், ஆனால் கூட்டம் குறைவு, கதவும் குறைவு.

பெரிய பிரிவைக் கேட்காதீர்கள். யாரும் விரும்பாத, சிறிய, ஆனால் சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். சுந்தர் பிச்சை 2004-இல் கூகுளில் சேர்ந்தபோது கையில் வந்தவற்றில் ஒன்று உலாவியில் ஒட்டிக்கொள்ளும் டூல்பார். அதிலிருந்துதான் 2008-இல் வந்த குரோமுக்குப் போனார். 2015-இல் கூகுளின் சி.இ.ஓ. பக்கவாட்டில் நகர்வதற்கும் தயங்க வேண்டாம். மேரி பாரா 1980-இல் 18 வயதில் மாணவப் பயிற்சியாளராக ஜெனரல் மோட்டார்ஸில் நுழைந்தார். தொழிற்சாலை மேலாளர், 2009-இல் மனிதவளத் தலைவர், பிறகு பொருள் உருவாக்கம் என்று சுற்றி, 2014 ஜனவரியில் சி.இ.ஓ. ஆனார். உர்சுலா பர்ன்ஸ் 1980-இல் ஜெராக்ஸில் கோடைக்காலப் பயிற்சியாளர், இடையில் உயரதிகாரிகளுக்கு உதவியாளர், 2009-இல் சி.இ.ஓ.

இந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அதே 30 ஆண்டு அதே அளவு உழைத்து அந்த இடத்துக்கு வராதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சி.இ.ஓ. பதவியை இலக்காக வைக்காமல் அடுத்த நாற்காலியை மட்டும் இலக்காக வையுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது கேட்பது? ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் கேட்பதுதான் எல்லோரும் செய்வது. அதற்குள் இடங்கள் ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும். அடுத்த நிதியாண்டுக்கான பட்ஜெட் வேலை பெரும்பாலான நிறுவனங்களில் மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்கும் ஒரு மாதம் முன்னதாகப் பேசுங்கள்.

எப்படிக் கேட்பது? "எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்றால் பதில் "பார்க்கலாம்". "அந்தப் பிரிவின் லாப நட்டத்துக்கு நான் பதில் சொல்கிறேன். முதல் இரண்டு காலாண்டில் இந்த இரண்டை மாற்றுவேன். இந்த எண் வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்புகிறேன்" என்று ஒரு பக்கத் தாளோடு போனால், மறுக்க வேண்டுமானாலும் காரணம் சொல்லித்தான் மறுக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் குறித்துக்கொண்டு, "இது சரியான பிறகு எப்போது மறுபடி பேசலாம்?" என்று தேதி வாங்குங்கள். தேதி கொடுத்தால் காத்திருக்கலாம். இரண்டு பட்ஜெட் சுற்றுகளில் காரணம் மாறிக்கொண்டே இருந்து தேதியும் கிடைக்கவில்லை என்றால், வெளியே தேடத் தொடங்குங்கள்.

இன்னொன்று, அறிவுரை சொல்பவரும் உங்களுக்காகப் பேசுபவரும் ஒரே ஆள் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அவருக்கு உங்கள் பதிவேட்டிலிருந்து மூன்று வரி கொடுத்து வையுங்கள்.

7. சரி என்று சொல்லும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதவியின் பெயர் பெரிதாக இருந்து கை கட்டப்பட்டிருப்பதுதான் இங்கே மிகப் பழைய பொறி. கீழே உள்ளவற்றை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலாக இருந்தாலும் போதும்.

– அதிகார வரம்பு: எவ்வளவு தொகை வரை நீங்களே செலவுக்கு ஒப்புதல் தரலாம், ஆள் எடுக்கலாமா, நீக்கலாமா, விலையை மாற்றலாமா.
– அந்தப் பிரிவின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கும், நடப்பு ஆண்டு பட்ஜெட்டும்.
– ஆட்கள் பட்டியல். யார் யார் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.
– உங்கள் இலக்குகள், அவற்றை அளக்கும் முறை, நிறுவனத்தின் பொதுச் செலவில் (தலைமை அலுவலகச் செலவு போன்றவை) எவ்வளவு உங்கள் கணக்கில் ஏற்றப்படும்.
– போனஸ், பங்கு உரிமை. தொடக்க நிலை நிறுவனங்களில் பங்கு உரிமை நான்கு ஆண்டில் படிப்படியாக முதிர்வதும் (உங்களுக்கே சொந்தமாவதும்), முதல் ஆண்டு முடியும் முன் போனால் எதுவும் கிடைக்காததும் வழக்கம்.
– போட்டி நிறுவனத்தில் சேரத் தடை விதிக்கும் விதி. கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட தடை பெரும்பாலும் செல்லாது. வேறு பல இடங்களில் செல்லும். உங்கள் இடத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது.
– இயக்குநராகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், உங்கள் முடிவுகளுக்காக வழக்கு வந்தால் காக்கும் இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா, நீங்கள் விலகிய பிறகும் பழைய முடிவுகளுக்கு அது செல்லுமா.

முந்தைய பொறுப்பாளர் ஏன் போனார் என்றும் கேளுங்கள், முடிந்தால் அவரிடமே. ஆய்வாளர்கள் மிஷெல் ரயனும் அலெக்ஸ் ஹஸ்லமும் 2005-இல் பிரிட்டிஷ் நிறுவனங்களை ஆராய்ந்தபோது, பங்கு விலை தொடர்ந்து சரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பெண்களை இயக்குநர் குழுவில் சேர்க்கும் போக்கு தெரிந்தது. மூழ்கும் இடத்தைத் தருபவர்கள் அதை "பெரிய வாய்ப்பு" என்றே சொல்வார்கள். ஏற்கவே கூடாது என்று சொல்லவில்லை. மூழ்கும் இடம் என்று தெரிந்து ஏற்றால் பட்ஜெட்டும் கால அவகாசமும் கூடுதலாகக் கேட்கலாம்.

8. முதல் ஆண்டு

பழைய வேலையை விடுங்கள். சொல்ல எளிது. விற்பனை ஊழியர்களை வைத்து பென்சன், லீ, ஷூ என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், சிறந்த விற்பனையாளருக்குத்தான் மேலாளர் பதவி கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதும், அப்படி வந்தவர்களின் கீழ் இருந்த டீம்களின் செயல்திறன் சரிந்தது என்பதும் தெரிந்தன. கைவந்த வேலையை நீங்களே இழுத்துச் செய்தால் அந்த வாரம் எண் நன்றாக வரும்; டீம் எதையும் கற்காது.

முதல் மாதம் கேள்வி மட்டும். டீமில் ஒவ்வொருவரிடமும் தனியாக, பெரிய வாடிக்கையாளர்களிடம் நேரில். இரண்டாம் மாத முடிவில் மேலதிகாரியிடம் போய் "நான் பார்த்தது இது, இலக்கில் இந்த எண் நடக்காது" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சொன்னால் அந்த எண் உங்களுடையதாகிவிடும். ஏழாம் எட்டாம் மாதம் வரை பெரிதாக எதுவும் மாறாததுபோல் தோன்றும். பிரிவு 2-இல் சொன்ன அந்த ஒரு பக்கத் தாளை இந்தக் கட்டத்தில் எடுத்துப் பாருங்கள். தேதி வரும் முன் துவளவும் வேண்டாம், தேதி தாண்டிய பின் இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

9. தொடர்வதா, விலகுவதா?

பணச் செலவை விட இங்கே தூக்கமும் வீட்டுக்கான நேரமும்தான் பெரிய செலவு. வீட்டில் இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி, எந்த மாதங்கள் கடினம் என்று சொல்லிவிடுங்கள். பட்ஜெட் காலமும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலமும் எல்லா ஆண்டும் வரும். அந்த வாரங்களில் வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மூன்று கேள்வி: இந்த வகைப் பிரச்சினை இன்னும் என்னை இழுக்கிறதா? கடந்த ஆண்டு தெரியாத எதையாவது இப்போது செய்யத் தெரிகிறதா? என் அதிகார வரம்பு கூடியிருக்கிறதா? இரண்டுக்கு இல்லை என்றால் நாற்காலியை மாற்றுங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் நிறுவனத்தை மாற்றுங்கள். கடிதம் கொடுப்பதற்கு முன்னால் போனஸ் வரவாகும் தேதி, பங்கு உரிமை முதிரும் தேதி, நோட்டீஸ் காலம் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் முந்திக்கொண்டதால் ஓர் ஆண்டுத் தொகையைப் போட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.